ஹனீபா நானாவின் மூக்கும் விறைத்த கலங்களும்

ஓய்வு பெறுகிற எனக்கு வைத்த பிரியாவிடைக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, ஒலிவாங்கியைப் பார்த்து, "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். அதுவும் கேட்கவில்லை என்று பின்வரிசையில் இருந்தவர்கள் முறையிட்டார்கள். அடுத்த நாள் ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

"வாயாலை சொல்ல ஏலாட்டி எழுதித் தாங்கோ அண்ணை."

அவர்களுக்கு இப்போது புதிய இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. குழாய்களை உள்ளே வைத்து ஒரு பொத்தானை அமத்தினால், அது தானே மெல்ல மெல்லக் குளிராக்கி விறைக்க வைக்கும். அது வருவதற்கு முதல் இந்த வேலையை யார் செய்தார்கள் என்று கேட்கிறார்கள். நானும் ஒரு பிளாஸ்ரிக் டப்பாவும்தான் செய்தோம். ஆனால் எழுதச் சொன்னது டப்பாவின் வரலாற்றை அறிய அல்ல என்று எனக்குத் தெரியும். ஹனீபா நானாவின் மூக்கைப் பற்றிய கதையை நான் எப்படிச் சொல்கிறேன் என்று பார்க்க அவர்களுக்கு ஆசை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான்தான் அதைக் கைவிட்டேன் என்று அம்மா சொல்லுவா; அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. பிறகு பல வருடம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பக்டரியில் வேலை. வள்ளக்காரருக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பதும், குளிரறையில் மீன் பெட்டி அடுக்குவதும். பக்டரி கைமாறிப் பூட்டுப்பட்டபோது, ஓர்ஸ் ஹில் மலையில் ஒரு கட்டடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று மச்சான் சொன்னான். போய்ப் பார்த்தேன். வாசலில் பலகை தொங்கியது: "கலக் காப்பு அறை. உதவியாளர் தேவை."

துறைமுகத்துப் பக்கத்தில் பிறந்தவனுக்குக் கலம் என்றால் தண்ணீரில் போவது. வள்ளமும் கலம், கப்பலும் கலம். உடம்பெல்லாம் செல் என்கிற மிகச் சிறிய கலங்களால் ஆனது என்று பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பில் படிப்பிப்பார்களாம். அந்த வகுப்புவரை நான் போகவில்லை. ஆகவே வள்ளங்களைக் காவல் காக்கிற வேலை என்று நினைத்தேன். மலையில் ஏன் வள்ளம் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் கொஞ்சம் இடித்தது. அரசாங்கக் காரியங்களில் அப்படியும் நடக்கும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே கதிரையில் இருந்தவர் டொக்டர் மைதிலி. என்னைவிட வயது குறைந்தவர். மூச்சுக் குழாயைப் பிடிக்கிற வைரசுகளைப் பற்றி ஆராய்கிறவர்.

"என்ன வேலை தெரியும் அண்ணை?"

"ஐஸ் வேலை தெரியும் டொக்டர். கலமும் பழக்கம்."

"கலம் பழக்கமோ? எங்கை பழகினனீங்கள்?"

"சல்லி ஊரிலை, மாமாவோடை. எஞ்சின் பூட்டினதும் ஓடுவன், துடுப்புப் போட்டதும் ஓடுவன்."

டொக்டர் சிரிக்கவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "எங்கடை கலம் சரியான சின்னன். ஏறி இருக்க ஏலாது. பரவாயில்லையோ?"

"பரவாயில்லை டொக்டர்" என்றேன். வேலை கிடைத்தது.

அவருடைய குணம் அதுதான். ஏசமாட்டார். பகிடி விடுவார், அதையும் முகத்தை அசைக்காமல் விடுவார். உண்மையாகவே கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "யோகன் அண்ணை, உங்களுக்கு விருப்பமெண்டால் கையுறை போடலாம்" என்று சொன்னால், இரண்டு சோடி போட்டுக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார். மூக்கின் உட்பக்கத்தில் இருக்கிற கலங்கள் அவை. மேற்பக்கமெல்லாம் மிக மெல்லிய மயிர்கள். எல்லா மயிரும் ஒரே தாளத்தில் ஒரே பக்கமாக வலித்துக்கொண்டிருந்தன. நாங்கள் மூச்சோடு இழுக்கிற தூசியையும் சளியையும் தள்ளிக்கொண்டு போவது அவற்றின் வேலையாம்.

"டொக்டர், இதுகள் துடுப்புப் போடுதுகள்" என்றேன்.

அவர் வந்து குனிந்து பார்த்தார். "அப்ப நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரிதானே. கலம்தான்." அன்றிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்தில் அந்த மயிருக்குத் துடுப்பு என்றே பெயர். பெரிய படிப்புப் படித்த பிள்ளைகளும் "துடுப்பு நல்லாயிருக்கோ?" என்றுதான் கேட்பார்கள்.

இந்தக் கலங்களை எடுப்பது ஊரில் விரும்பி வருகிறவர்களின் மூக்கிலிருந்து. போத்தல் கழுவுகிற பிரஷின் பேரப்பிள்ளை போல ஒரு சின்னத் தூரிகை. அதை மூக்குக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார்கள். கண்ணில் தண்ணீர் வரும், தும்மல் வரும், சிலருக்கு டொக்டர் மீது கோபமும் வரும். தும்மல் அடங்கியதும் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொடுப்பது என் பொறுப்பு. எடுத்த கலத்தை இளஞ்சிவப்பு நிறமான ஊட்டத் திரவத்தில் வளர்ப்பார்கள். பெருகியதும் குழாய்களில் விறைக்க வைப்போம். ஏனென்றால் மூக்குக்காரர் ஒவ்வொரு பரிசோதனைக்கும் வரமாட்டார். விறைத்த குழாய் கூப்பிட்ட நேரம் வரும்.

விறைக்க வைப்பதில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு இருந்தேன். ஐஸ் பக்டரியில் மீனுக்குச் சட்டம் ஒன்றுதான்: பிடித்த உடனே படாரென்று விறைக்க வைக்க வேண்டும், இளக்கும்போது ஆறுதலாக இளக்க வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ். கலத்தை ஆறுதலாக விறைக்க வைக்க வேண்டும், இளக்கும்போது கெதியாக இளக்க வேண்டும். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"டொக்டர், இது மாறி நடக்குதோ எண்டு எனக்கொரு சந்தேகம். மீனுக்கு நாங்கள்…"

"மீனை இளக்கிப்போட்டு நீந்தச் சொல்லுறனீங்களோ?"

"இல்லை டொக்டர். குழம்பு வைக்கிறது."

"நாங்கள் நீந்தச் சொல்லுறம் அண்ணை. அதுதான் வித்தியாசம்."

அந்த ஒரு பதிலோடு வேலையின் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது. கலம் விறைக்கும்போது அதற்குள் இருக்கிற தண்ணீர் ஐஸ் ஊசியானால் உள்ளேயே குத்திக் கிழித்துவிடும். அது நடக்காமலிருக்க ஒரு மருந்து சேர்ப்போம். அந்த மருந்து கையில் பட்டால் கொஞ்ச நேரத்தில் வாய்க்குள் உள்ளிப்பூண்டு தின்ற மணம் வரும். கையுறை கிழிந்த ஒருநாள் வீட்டுக்குப் போனபோது, "எங்கை விருந்து?" என்று மனைவி கேட்டா. மூக்கு என்றும் கலம் என்றும் நான் சொன்ன விளக்கத்தை அவ இன்றுவரை நம்பவில்லை.

மருந்து சேர்த்த குழாய்களை, அடியில் ஸ்பிரிட் ஊற்றிய டப்பாவில் நிறுத்திக் கடுங்குளிர்ப் பெட்டிக்குள் வைப்பேன். ஸ்பிரிட் குளிரை நேரே பாய விடாது. மெல்ல மெல்லக் கொடுக்கும். அடுத்த நாள் குழாய்கள் திரவ நைதரசன் தாங்கிக்குள் இறங்கும். இளக்குகிற நாளில் குழாயை உடம்புச் சூட்டில் இருக்கிற தண்ணீரில் பிடித்து ஆட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். உள்ளே அரிசி அளவு ஐஸ் மிச்சம் இருக்கையில் எடுத்துவிட வேண்டும். உடனே மருந்தைக் கழுவ வேண்டும். குளிரில் காப்பாற்றிய மருந்து சூட்டில் கொல்லும். பிறகு கலத்தை மெல்லிய சவ்வொன்றில் பரப்பி, கீழே திரவமும் மேலே காற்றும் படும்படி சில கிழமை விட்டால், மூக்கில் இருந்தது போலவே துடுப்பு முளைக்கும். அதன் பிறகுதான் வைரஸ். அந்த வேலை வேறோர் அறையில். எனக்கு அங்கே அனுமதி இல்லை. கண்ணாடியால் பார்ப்பேன்.

இனி ஹனீபா நானா.

மலையடியில், துறைமுக வீதியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். கிண்ணியாக்காரர்; 'சொல்லு' என்பது அவர்கள் பேச்சில் 'செல்லு' ஆகும். முன்னால் நானா தேத்தண்ணி ஆற்றுவார். சீலைத் திரைக்குப் பின்னால் குசினியில் அவருடைய மனைவி சல்மா ராத்தா ரோல்ஸ் பொரிப்பா. ராத்தாவுக்கு முட்டு வருத்தம். குளிர் காலத்தில் மூச்சு இழுக்கிற சத்தம் திரைக்கு வெளியே கேட்கும். டொக்டர் அந்தக் கடைத் தேத்தண்ணிக்கு அடிமை. கேட்ட மாத்திரத்தில் நானா மூக்குக் கொடுத்தார். வழக்கம்போல வளர்த்து, விறைக்க வைத்து, பிறகு இளக்கினோம். அவருடைய கலங்களில் சளி வைரஸ் ஒன்றைப் போட்டபோது, அது வளரவேயில்லை. மற்றவர்களுடைய விறைத்த கலங்களில் நன்றாக வளர்ந்த வைரஸ், நானாவின் கலத்தில் மட்டும் பேசாமல் கிடந்தது.

டொக்டருக்குப் பெரிய சந்தோசம். வைரசை மறிக்கிற ஏதோ ஒன்று இந்த மனிதரிடம் இருந்தால், அது என்னவென்று கண்டுபிடிக்கலாம். கொழும்பில் ஒரு கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதாகவும் ஒத்துக்கொண்டார். இன்னொரு முறை மூக்குக் கேட்க இரண்டு பேரும் கடைக்குப் போனோம்.

"மொதல் தந்தது போதாதா டொக்டர்?"

"போதும் நானா. ஆனால் உங்கடை மூக்குக்கை ஏற மாட்டனெண்டு எங்கடை வைரஸ் நிக்குது. என்ன மாயமெண்டு பாக்கவேணும்."

இதுவும் முகத்தை அசைக்காமல் விட்ட பகிடிதான். நானா தேத்தண்ணி வடியைக் கீழே வைத்தார்.

"ஏறல்லையா? அப்ப எனக்கு வைரஸ் வராது."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை நானா."

"நீங்க செல்ல மாட்டீங்க. படிச்சாக்கள் அடக்கமாத்தான் செல்லுவீங்க."

நாங்கள் மலை ஏறி ஆய்வுகூடத்துக்கு வருவதற்குள் செய்தி மீன் சந்தைக்குப் போய்விட்டது.

ஊரெல்லாம் இருமலும் காய்ச்சலுமாக இருந்த காலம் அது. நானா முகக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இருமிக்கொண்டு வருகிறவர்களை, "இங்க வா மகன், என்ட பக்கத்தில இரி, எனக்கு ஒண்டும் ஆகாது" என்று கூப்பிட்டு, தன் மேசையோடு இருத்தித் தன் கையால் தேத்தண்ணி கொடுத்தார். மற்ற வாடிக்கையாளர்கள் அவருக்கு "மூக்கு முதலாளி" என்று பட்டம் வைத்தார்கள். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் சல்மா ராத்தா பின்பக்கமாக என்னைக் கூப்பிட்டா.

"தம்பி, ஒங்கட டொக்டர்கிட்ட செல்லுங்க. இவரு ஊரு இருமல் எல்லாத்தையும் சேத்துக்கிட்டு ஊட்டுக்கு வாறாரு. முட்டு எனக்குத்தானே? ஊட்டில இரிக்கிற எல்லாரும் காய்ச்சல் தடுப்பு ஊசி போடணும் எண்டு கிளினிக்கில செல்லிட்டாங்க. இவரு என்ன செல்றாரு தெரியுமா? 'எனக்கெதுக்கு ஊசி, என்ட மூக்குச் சோதினையில பாஸ்' எண்டு."

அதைச் சொல்லி முடிக்க அவவுக்கு இரண்டு முறை மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

டொக்டரிடம் சொன்னேன். அவர் அப்போதே எழுந்து கடைக்குப் போனார். நாங்கள் போட்டது ஒரேயொரு வைரஸ், ஊரில் திரிவது பலவிதம், அதுவும் விறைத்த கலத்தில் பார்த்தது, எதுவும் முடிவாகவில்லை என்று சொன்னார். நானா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கட அடக்கம் யாருக்கும் வராது டொக்டர்" என்று சொல்லி, தேத்தண்ணிக்குக் காசு வாங்காமல் அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்த டொக்டரின் முகத்தில் பகிடி இல்லை. "பகிடி விட்டது நான். அந்த மனுசிக்கு ஏதும் நடந்தால் அதுக்கு நான்தான் காரணம். இனி வைரஸ்தான் வந்து சாட்சி சொல்லவேணும்" என்றார்.

அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. அதே சந்தேகம் எனக்கும் இருந்தது, சொல்லத்தான் வெட்கம். வைரசை மறித்தது நானாவா, அல்லது எங்கள் குளிரா? குளிர் என்றால், என் கைப்பிசகா?

நானா பெருமையோடு வந்து இரண்டாம் முறை மூக்குக் கொடுத்தார். இந்த முறை கலத்தில் ஒரு பங்கை விறைக்க வைக்காமல் அப்படியே வளர்த்தோம். மற்றப் பங்கில் பாதிக் குழாயை நான் விறைக்க வைத்தேன். பாதியை டொக்டரே தன் கையால் செய்தார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மூக்கு வேண்டுமென்றார். கைக்கு எட்டியது என் மூக்கு. வருடக்கணக்காக மற்றவர்களுக்குப் பிஸ்கற் நீட்டிய எனக்கு, அன்றைக்குத் தும்மலோடு டொக்டர் பிஸ்கற் தந்தார்.

துடுப்பு முளைக்கும்வரை காத்திருந்த கிழமைகளில் நான் தினமும் அந்தக் கடைக்குப் போனேன். தேத்தண்ணிக்காக அல்ல. திரைக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்க.

கடைசியில் டொக்டர் கூப்பிட்டு நுணுக்குக்காட்டியைக் காட்டினார். முதலில் நானாவின் விறைக்காத கலம். முழுவதும் துடுப்பு, அவ்வளவும் பலமாக வலிக்கின்றன. அடுத்தது அவருடைய விறைத்து இளகிய கலம். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் துடுப்பு, அதுவும் களைத்துப்போன ஆட்டம். நான் விறைக்க வைத்ததும் டொக்டர் விறைக்க வைத்ததும் ஒரே மாதிரி. பிறகு என்னுடையவை. விறைத்ததிலும் விறைக்காததிலும் துடுப்புகள் ஒன்றுபோலவே வலித்துக்கொண்டிருந்தன.

"ஐஸ் பக்டரி மூக்கு" என்றார் டொக்டர்.

பிறகு வைரஸ் போட்டார்கள். நாங்கள் பாவித்த வைரஸ் துடுப்புள்ள கலத்தில்தான் ஏறும். நானாவின் விறைக்காத கலத்தில் அது ஏறி, எல்லாருடையதிலும் வளர்ந்தது போலவே வளர்ந்தது. விறைத்ததில் ஏற இடம் இல்லாமல் கிடந்தது. சிலருடைய கலம் குளிரைத் தாங்கும், சிலருடையது தாங்காது. நானாவின் மூக்கில் மாயம் ஒன்றும் இல்லை. அது குளிருக்குப் பயந்த மூக்கு.

டொக்டர் நுணுக்குக்காட்டியின் விளக்கை அணைத்தார். கையில் வந்த ஒரு பெரிய விசயம் அவர் கண்ணுக்கு முன்னாலேயே இளகிப் போயிருந்தது. பிறகு, "யோகன் அண்ணை, ஒரு தேத்தண்ணி வேணும். நானா கடையிலை வாங்காதைங்கோ, இண்டைக்கு எனக்கு முகம் இல்லை" என்றார். நான் கெற்றிலில் போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் ஒரு சட்டம் சொன்னார்: இனிமேல் இளக்கிய எந்தக் கலத்துக்கும் துடுப்பைப் பார்க்காமல் வைரஸ் போடக்கூடாது, ஒவ்வொரு மூக்கிலும் ஒரு பங்கு விறைக்காமலே பார்க்க வேண்டும். இப்போது பிள்ளைகள் அலுத்துக்கொள்கிற அந்த இரட்டை வேலை அன்றைக்குத்தான் பிறந்தது. கொழும்புக் கூட்டத்திலும் அவர் அதைத்தான் பேசினார். குளிர் எங்களை எப்படி ஏமாற்றியது என்று, தன் பிழையை முதலில் வைத்து.

ஆனால் நானாவுக்குச் சொல்ல வேண்டுமே.

"நீங்கள் போங்கோ அண்ணை. நான் சொன்னால் அடக்கம் எண்டுவார். உங்களை ஒருதரும் படிச்ச ஆள் எண்டு சந்தேகப்பட மாட்டினம்."

போனேன். கடை நிரம்பியிருந்தது. நானாவின் மேசையோடு ஒருவர் இருமிக்கொண்டிருந்தார்.

"நானா, உள்ளை போய்க் கதைப்பமோ?"

"என்ன ரகசியம்? ரிசல்ட் வந்திட்டா? எல்லாரும் கேளுங்க, லேப்காரர் வந்திரிக்கார். இங்கயே செல்லுங்க தம்பி, சத்தமா!"

கடை முழுவதும் என்னைப் பார்த்தது. நன்றி சொல்லிவிட்டு இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது. அப்போது திரைக்குப் பின்னால் ராத்தா இருமுவது கேட்டது.

"நானா, உங்கடை மூக்கு வைரசை மறிக்கேல்லை. நாங்கள் விறைக்க வைச்சதிலை உங்கடை கலம் குளிர் தாங்காமல் களைச்சுப்போச்சு. அதாலைதான் வைரசுக்கு ஏற இடம் கிடைக்கேல்லை. விறைக்காமல் பாத்தால் அது நல்லா ஏறுது. எல்லாருக்கும் ஏறுற மாதிரி."

என் வாழ்க்கையில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பிறகு ஒரு மூலையிலிருந்து, "மூக்கு முதலாளி, நுவரெலியாக் குளிருக்குப் போயிடாதீங்க!" என்று ஒருவர் தொடக்க, கடை முழுவதும் வெடித்தது. இருமிக்கொண்டிருந்தவரும் சிரித்து, இன்னும் இருமினார்.

நானா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "டொக்டர் செல்லச் சொன்னாவா?"

"டொக்டரும் சொன்னவ. நானும் பாத்தனான்."

"நல்லா ஏறுதா?"

"ஓம் நானா. நல்லா ஏறுது."

மேசையோடு இருந்தவரிடம், "மகன், கொஞ்சம் அங்கால போய் இரி" என்றார். ஆணியிலிருந்த முகக்கவசத்தை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு திரைப் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்கக்கூடாது என்ற குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"சல்மா, அந்த ஊசி போடுற எடம் இண்டைக்குத் தொறந்திரிக்குமா?"

திரை விலகவில்லை. பொரிகிற சத்தத்துக்கு மேலாகக் குரல் மட்டும் வந்தது.

"காலையிலேயே ரெண்டு பேருக்கும் நம்பர் எடுத்தாச்சு. ஒங்கட மூக்கு பாஸோ பெயிலோ, இழுத்துக்கிட்டுப் போறதெண்டுதான் இரிந்தன். சட்டைய மாத்திட்டு வாங்க."